கடைசி ஒரு முழம்

பெரிய மீனைத் தூண்டிலில் கொளுவ வைப்பது ஒரு வேலை. அதைக் கடலிலிருந்து கலத்துக்குள் எடுப்பது முற்றிலும் வேறு வேலை. பல நாள் படகில் நிற்பவருக்கு உயரமான விளிம்பு உண்டு, பக்கத்தில் கொக்கியோடு காத்திருக்க இன்னும் இரண்டு பேர் உண்டு. தண்ணீர் மட்டத்தில் தனியாளாகக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் இல்லை. மீன் மேலே வந்துவிட்டால் அதன் வாயும் அவருடைய முழங்காலும் ஒரே உயரத்தில் இருக்கும். அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் கயாக் வலித்துப் போய் ஹாலிபட் பிடிக்கிறவர்களுக்கும், கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலில் தெப்பத்தில் போய்த் தூண்டில் இறக்குகிறவர்களுக்கும் பொதுவான தூரம் அந்தக் கடைசி ஒரு முழம்தான். கடலில் எத்தனையோ ஆயிரம் மைல் விலகியிருக்கும் இந்த இரு சாராரும் அங்கே ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

முதலில் மீனைப் பற்றி.

ஹாலிபட் ஒரு தட்டை மீன். கடலடி மணலில் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலத் தலையின் இரு பக்கமும் ஒவ்வொரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறு பக்கத்துக்கு வந்துவிடும். நிலத்தைத் தொடும் பக்கம் வெள்ளை. வானத்தைப் பார்க்கும் பக்கம் மணலின் நிறம். மேலே போகும் சிறு மீனோ கணவாயோ எட்டும் தூரத்துக்கு வரும்வரை அசையாமல் கிடந்து, பிறகு ஒரே பாய்ச்சலில் கவ்வும். பசிபிக் கடல் ஹாலிபட் இரண்டு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. 1996 ஜூனில் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் அருகே தூண்டிலில் பிடிபட்ட ஒன்றின் நிறை 459 இறாத்தல், அதாவது 208 கிலோ. ஒரு கயாக் தாங்கும் மொத்தச் சுமையே பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

அந்த இனம் நமது வெப்பக் கடலில் இல்லை. ஆனால் அதற்கு இங்கே ஓர் உறவு உண்டு. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எருமை நாக்கு என்று தமிழ் மீனவர் அழைக்கும் மீனை அறிவியலார் இந்திய ஹாலிபட் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன் என்ற பாதிரியார் சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மருத்துவரும் மீனியலாளருமான மார்கஸ் புளோக்குக்கு அனுப்பிவந்தார். புளோக் 1799இல் இறந்துபோக, அவரது நூலை ஷ்னைடர் என்ற அறிஞர் முடித்து 1801இல் வெளியிட்டார். அதில் இந்த மீன் ‘எருமை’ என்ற தமிழ்ப் பெயரோடேயே உலக அறிவியலுக்குள் நுழைந்தது.

எருமை நாக்கு இரண்டடிக்கு மேல் அதிகம் வளராது. நன்கு வளர்ந்தது 9 கிலோ வரை போகும். தட்டை மீன் குடும்பங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது இதுதான். கண் முழுமையாக மறு பக்கம் வராமல் தலையின் உச்சியிலேயே தங்கிவிடும். சிலவற்றில் இரு கண்களும் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். மற்றத் தட்டை மீன்களைப் போல எப்போதும் படுத்தபடி நீந்தாமல், சில வேளை நிமிர்ந்தும் நீந்தும். பற்கள் பெரியவை, கூரியவை. நூறு மீட்டர் ஆழம் வரையுள்ள மணலும் சேறும் இதன் இடம். இழுவை வலையிலும் அடியில் விரிக்கும் வலையிலும் மாட்டுவதே அதிகம் என்றாலும், இரை அடியைத் தொட்டுக்கொண்டு போனால் தூண்டிலையும் விடாது.

இனி கலம். வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் மரைன் டிரைவைக் கடந்து, ரயில் பாதையையும் தாண்ட வேண்டும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் எஞ்சிய ஒடுங்கிய மணலில்தான் தெப்பங்கள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். பழைய தெப்பம் நாலைந்து மரக்குற்றிகளைச் சேர்த்துக் கட்டியது. இப்போது பலவற்றின் உடல் பைபர் கிளாஸ், உள்ளே ரெஜிபோம். ஆனால் அமைப்பின் தத்துவம் மாறவில்லை. தெப்பத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் மேலே ஏறும், இடைவெளியால் வடிந்துவிடும். நிரம்பி மூழ்கும் பேச்சே இல்லை. அமெரிக்காவில் ஹாலிபட் பிடிக்க இன்று பெரிதும் பயன்படும் ‘மேலே உட்காரும்’ கயாக்கும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்: அடைத்த உடல், ஏறிய நீர் இறங்கிப்போகத் துளைகள், கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு மறுபடி ஏறக்கூடிய வடிவம். பிளாஸ்டிக் தொழில் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்த இடத்தில் சோழமண்டலக் கரையின் மீனவர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். சென்னை மாகாணத்தின் மீன்பிடித் துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தியக் கலங்களையும் இலங்கைக் கலங்களையும் பற்றி மரியாதையோடு பக்கம் பக்கமாக எழுதியதற்குக் காரணம் இதுதான். அவர் அவற்றைப் பழம்பொருளாகப் பார்க்கவில்லை, பொறியியலாகப் பார்த்தார்.

வடகொழும்பில் கொட்டாஞ்சேனையின் கதை வேறு. அங்குள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தின் மரபுக்கதையே கடலிலும் மீனவரிலும் தொடங்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த ஒரு குருவானவரிடம், முகத்துவாரப் பக்கத்து மீனவர் தங்கள் குடியிருப்பைக் கடல் அரிக்கிறது என்று முறையிட, அவர் கரையில் சிலுவை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கியது என்பார்கள். பின்னாளில் உண்மையாகவே கடல் தள்ளிப்போனது, துறைமுகத்தால். தென்மேற்கு அலைதடுப்பின் வேலை 1875இல் தொடங்கி 1885இல் முடிந்தது. அதன் பின் ஒவ்வொரு விரிவாக்கமும் வடகொழும்பின் திறந்த கரையைச் சுருக்கிக்கொண்டே வந்தது. இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து சிறு கலத்தில் கடலுக்குப் போக நினைப்பவர் முகத்துவாரத்துக்கோ மட்டக்குளி காக்கைதீவுக்கோ போக வேண்டும். துறைமுகத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் துடுப்புப் போட முடியாது.

சரி, மீன் கொளுவிவிட்டது. அப்புறம்?

ஹாலிபட் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அடியிலிருந்து தூக்கும்போது முதலில் அது ஈரச் சாக்கைப் போலக் கனமாக, அமைதியாக வரும். புதியவர் ஏமாறும் இடம் இதுதான். வெளிச்சத்தையும் கயாக்கின் நிழலையும் கண்ட நொடியில் அது திரும்பிப் பாயும், வந்த ஆழம் முழுவதையும் திரும்பப் போகும். றீலை இறுக்கி வைத்திருந்தால் நூல் அறும். அறாவிட்டால் கயாக் சரியும். ஆகவே அனுபவம் உள்ளவர்கள் முதல் தடவை மேலே வரும்போது மீனை எடுக்க முயல்வதே இல்லை. இன்னும் இரண்டு மூன்று முறை அடிக்குப் போக விடுவார்கள். கைத்தூண்டில்காரர் இதைத் தங்கூசியைக் கைவிரல்களுக்கிடையே வழுக்கவிட்டுச் செய்கிறார். நூல் விரலை அறுக்காமலிருக்க விரலில் றப்பரோ துணியோ சுற்றிக்கொள்கிறார். செய்வது ஒன்றே: மீனின் பலத்தைக் கடலிலேயே செலவழிக்க விடுவது.

மீன் களைத்துப் பக்கத்தில் வந்த பிறகும் ஒரு விதி இருக்கிறது. அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கக் கூடாது. தட்டை மீனின் உடம்பு முழுவதும் தசை. தலை காற்றைத் தொட்டால் மொத்த உடம்பும் சுழன்று அடிக்கும். கலிபோர்னியாக் கடலின் சிறிய ஹாலிபட் என்றால் கைவலையைத் தண்ணீருக்குள் பிடித்துத் தலைப்பக்கமாக நுழைய விடலாம். வாலிலிருந்து வலைபோட்டால் ஒரே உதையில் வெளியே போய்விடும். பெரியது என்றால் வலை உதவாது. அலாஸ்காவில் மிதவை கட்டிய ஈட்டியைப் பாய்ச்சி, ஆளுக்கும் மீனுக்கும் இடையே கயிறும் மிதவையும் இருக்கும்படி செய்துகொள்வார்கள். பிறகு செவுளை அறுத்து இரத்தம் வடிய விட்டு, வாய்க்கும் செவுளுக்கும் இடையே கயிறு கோத்து, மீனைத் தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு கரைக்கு வலிப்பார்கள். உயிரோடு உள்ள பெரிய ஹாலிபட்டை மடிக்கு இழுப்பவர் காலை உடைத்துக்கொள்வார் என்பது அங்கே மிகைப் பேச்சாகக் கருதப்படுவதில்லை. பெரிய படகுகளிலேயே அப்படி நடந்திருக்கிறது. வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி புரட்டினால் மீன் அடங்கும் என்பதும் அந்தக் கரையின் அனுபவ அறிவு.

உடம்பு பற்றிய அறிவும் அவ்வளவே முக்கியம். மூக்கு கயாக்கின் விளிம்பைத் தாண்டக் கூடாது என்பார்கள். தலை வெளியே போனால் எடையும் வெளியே போகும், அடுத்து ஆளும் போவார். இரண்டு கால்களையும் இரு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டால் கயாக் நிலைக்கும். துடுப்பு, கத்தி, தூண்டில் எல்லாம் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும், ஆனால் எதுவும் ஆளைக் கட்டியிருக்கக் கூடாது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கத்தி இருப்பது எல்லாவற்றையும் விட அவசியம். அது மீனுக்காக அல்ல, நூலை அறுப்பதற்காக. மீனை விட்டுவிடத் தயாராக இல்லாத மனிதர் சிறு கலத்தில் கடலுக்குப் போகக் கூடாது.

கயாக் என்ற பொருளைக் கொடுத்தவர்கள் வடதுருவ மக்கள். அவர்களுக்குத் தெற்கே அலாஸ்காக் கரையில் வாழும் லிங்கிட், ஹைடா மக்கள் பெரிய மீனை விட்டுவிடுவதைத் தொழில்நுட்பமாகவே வைத்திருந்தார்கள். லிங்கிட் மக்களின் மரத்தூண்டில் ஆங்கில ‘வி’ வடிவில் இருக்கும். ஒரு கை மிதக்கும் இலேசான மரம், மறு கை கனமான மரம், முனையில் எலும்பாலோ இரும்பாலோ ஆன முள். மிகச் சிறிய மீனின் வாய்க்குள் அது நுழையாது, மிகப் பெரியதன் வாயில் நிற்காது. தோணியில் ஏற்றக்கூடிய அளவு மீன்தான் மாட்டும். முட்டையிடும் பெரிய தாய் மீன் தப்பிக்கும். ஹாலிபட்டில் மிகப் பெரியவை எல்லாம் பெரும்பாலும் பெண் மீன்களே என்பதை இன்றைய அறிவியல் உறுதி செய்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 1923இல் கூடி இந்த ஒரே மீனுக்காக ஓர் ஆணையம் அமைத்தன. அது நூறாண்டைத் தாண்டியும் வேலை செய்கிறது.

இங்கிருந்து நோர்வேக்குப் போக வேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நோர்வேயில் உறவினர் இருக்கும் வீடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1980களில் அகதிகளாகப் போன ஈழத்தமிழரில் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில், உறைபனிக் குளிரில், நின்றபடி மீன் வெட்டிப் பிழைத்தார்கள். அதே மாகாணத்தின் அல்தாவில், யுனெஸ்கோ 1985இல் உலக மரபுரிமையாக ஏற்ற பாறைச் செதுக்கல்கள் உள்ளன. பல ஆயிரம் ஆண்டு பழமையான அவற்றுள் ஒன்றில் சிறு படகு, அதிலிருந்து இறங்கும் நூல், நூலின் முனையில் ஒரு ஹாலிபட். இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த ஒரு கோட்டுச் சித்திரத்தில் இருக்கிறது.

ஆனால் நோர்வேக்கான வழியைத் திறந்தவர் அகதியாகப் போனவரல்ல. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் அங்கே போய் மீன்பிடித் தொழில்நுட்பம் கற்றார். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நண்பர்களைத் திரட்டி, வடக்கு மீனவருக்கான திட்டமொன்றைத் தொடங்கினார். சீநோர் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் காரைநகரில் பைபர் கிளாஸ் படகு கட்டும் தளமாகவும் குருநகரில் வலைத் தொழிற்சாலையாகவும் வளர்ந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த வேலைத்தலங்களைப் போர் முடக்கியது. சீநோர் என்ற பெயர் அரச நிறுவனமாக இன்றும் இருக்கிறது. அதன் படகுத் தளம் கொட்டாஞ்சேனைக்கு அப்பால், மட்டக்குளிப் பக்கம். குருநகர் மனிதர் ஒருவரின் கனவு வடகொழும்பில் இன்றும் பைபர் கிளாஸாக வார்க்கப்படுகிறது என்பதைக் கொழும்புத் தமிழர் அறிந்து பெருமைப்பட வேண்டும்.

நோர்வேயிடமிருந்து கற்க இன்னொன்றும் உண்டு. இரண்டு மீட்டரை விட நீளமான ஹாலிபட்டைக் கரைசேர்க்கக் கூடாது என்று 2017இல் அங்கே தடை வந்தது. பெரிய மீனின் கொழுப்பிலும் தசையிலும் டயொக்சினும் பாதரசமும் சேர்ந்திருப்பதே காரணம். கடலடியில் கிடக்கும் மீன் கடலடியில் சேரும் எல்லாவற்றுக்கும் சாட்சி.

கொழும்பின் கடலடியில் என்ன சேர்ந்திருக்கிறது? 2021 மே 20ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி அது மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி, நைத்திரிக் அமிலம், எரிந்த இரசாயனங்கள் என எல்லாம் கடலுக்குள் போயின. நீர்கொழும்பிலிருந்து தெற்கே களுத்துறைப் பக்கம் வரை மீன்பிடிக்கத் தடை வந்தது. தடை நீங்கிய பின்னும் மக்கள் மீன் வாங்கத் தயங்கினார்கள். பல நாள் படகு ஆழ்கடலுக்குப் போய்விடும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொழில் செய்யும் தெப்பக்காரருக்குப் போக வேறு கடல் இல்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் வந்து பங்கிடப்படும் நாளில், பதிவும் ஆவணமும் குறைந்த மிகச் சிறிய கலக்காரர் வரிசையின் கடைசியில் நிற்க வைக்கப்படக் கூடாது.

மணலின் கதை அதைவிட அமைதியாக நடந்தது. 2014இல் தொடங்கிய துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடல் நிரப்பப்பட்டது. அதற்கு வேண்டிய ஆறரைக் கோடி கன மீட்டர் அளவிலான மணல் கொழும்புக்கு வடக்கே கடலடியிலிருந்து தோண்டப்பட்டது. நீர்கொழும்பு மீனவர் வீதிக்கு வந்து போராடினார்கள். நிலத்தில் நிற்பவருக்கு அது வெறும் மணல். தட்டை மீனுக்கு அதுவே வீடு, மறைவிடம், இரை வரும் இடம். இலங்கை 2017இல் அடியை வாரும் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது, மிகச் சரியான முடிவு. வலையால் அடியை வாருவது குற்றமானால், குழாயால் அடியை உறிஞ்சுவதற்கும் அதே கண்டிப்பான கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

2022 வேறொரு பாடம். டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையில் முடங்கின. துடுப்பால் போகும் தெப்பத்துக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. வளர்ச்சி என்றாலே இயந்திரம் என்று பேசுகிறவர்கள் அந்த மாதங்களை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்போது கொழும்பிலும் கயாக் பெருகுகிறது. தியவன்னா ஓயாவிலும் பொல்கொடையிலும் பழகிய இளைஞர்கள் கடலுக்கும் ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் வாவி வேறு, வெள்ளவத்தை வேறு. கரைக்கு அருகே பாறை, அதற்கு அப்பால் பார், கால்வாய் கடலில் சேருமிடத்தில் இழுப்பு. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும்போது அலை உடையும் கோட்டைத் தாண்டுவதே உயிராபத்து. ஜூன் 13இல் கொச்சிக்கடைத் திருவிழா நடக்கும் நாட்களில் மேற்குக் கரையின் சிறு கலங்கள் பெரும்பாலும் கரையேறியே கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு கடல் அடங்கத் தொடங்கும். ஏப்ரல் வரை காலை வேளைகளே தொழில் நேரம். கயாக் வாங்குகிறவர் முதலில் போக வேண்டிய இடம் தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள அந்த மணல். எந்த அலைக்குப் பின் இறங்குவது, எந்தப் பாரைச் சுற்றிப் போவது, எத்தனை பாகத்தில் மணல் தொடங்குகிறது என்பதெல்லாம் அங்கே தெப்பத்தைக் கவிழ்த்து வைத்து நூல் சுற்றுகிறவருக்குத் தெரியும். பதிலுக்குக் கயாக்காரர் கொண்டுவரக்கூடியதும் இருக்கிறது: உயிர்காப்பு அங்கி அணியும் பழக்கம், நீர் புகாத உறையில் கைத்தொலைபேசி, வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இறங்கும் ஒழுங்கு. தெப்பத்தில் அங்கி இடைஞ்சல் என்று சொல்கிற மூத்தவர்களுக்காகவே, கை அசைவைத் தடுக்காத மெல்லிய அங்கிகள் இன்று கிடைக்கின்றன. மீன்பிடித் திணைக்களம் அவற்றை மானிய விலையில் கொடுப்பது பெரிய செலவும் ஆகாது.

திணைக்களத்தின் புள்ளிவிவரத்தில் தெப்பம் ‘இயந்திரம் பூட்டாத பாரம்பரியக் கலம்’ என்ற வரிசைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வரிசையில் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது, அவர்களுடைய அறிவு இல்லை. அடுத்த முறை கரையோரத்தில் மணல் தோண்டவோ, கடலை நிரப்பவோ, கடற்கரையை அழகுபடுத்தவோ திட்டம் வரும்போது, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் தெப்பம் ஏற்றும் இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். எந்த இடத்தில் பார், எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் எருமை நாக்குக் கிடக்கும் மணல் என்று ஆய்வுக்குழு அவர்களைக் கேட்டு எழுத வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும், கடலுக்குப் போய்த் திரும்பிய பின் அவர்கள் ஓய்ந்திருக்கும் முற்பகல் நேரத்தில்.